அவன் கேட்காத கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

மேக்பெத் நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 'மேக்பெத்தின் வீழ்ச்சிக்கு அவன் பேராசையே காரணம், விளக்குக' என்று தேர்வில் கேட்பார்கள். நானும் அதற்கு இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். நரை விழுந்த பிறகு எடுத்துப் படித்தால் அது வேறு நாடகமாக இருக்கிறது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும், சேர்ந்து ஒரு கொலை செய்த பிறகு பேச்சற்றுப் போன கதையாகவே எனக்குப் படுகிறது.

படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. ஸ்காட்லாந்து மன்னன் டங்கனின் படைத்தலைவன் மேக்பெத். போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்பட்டு, நீ அரசனாவாய் என்கிறார்கள். டங்கன் அவன் கோட்டைக்கே விருந்தாளியாக வந்து தங்க, தூங்குகிறவனைக் குத்திக் கொன்று மேக்பெத் முடிசூடுகிறான். அந்த முடியைக் காப்பாற்ற மேலும் கொலைகள், கடைசியில் அவன் தலையும் போகிறது. வரலாற்றில் வாழ்ந்த மேக்பெத் வேறு ஆள். 1040-இல் டங்கன் இறந்தது படுக்கையில் அல்ல, போரில். மேக்பெத் அதன்பின் 17 ஆண்டுகள் ஆண்டான். ஷேக்ஸ்பியர் நாடகத்தை எழுதியது 1606 வாக்கில். அதற்கு முந்தைய ஆண்டுதான், ஸ்காட்லாந்திலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட ஜேம்ஸ் மன்னரை நாடாளுமன்றத்தோடு வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி பிடிபட்டிருந்தது. பார்க்க வந்தவர்களுக்கு அரசனைக் கொல்வது வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

சரி, அந்த வீட்டுக்குள் போவோம். சூனியக்காரிகள் சொன்னதை மேக்பெத் மனைவிக்குக் கடிதமாக எழுதி அனுப்புகிறான். தான் வீடு போய்ச் சேரும்வரைகூட அவனால் பொறுக்க முடியவில்லை. அதில் அவளை 'என் பெருமையின் பங்காளி' என்கிறான். பங்காளி என்றால் நமக்கு வரப்புச் சண்டை ஞாபகம் வந்துவிடும். 'என் உயர்வில் சரிபாதியே' என்று வைத்துக்கொள்ளலாம். உனக்குச் சேர வேண்டிய சந்தோஷம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன் என்கிறான். நாடகத்தில் இவ்வளவு பிரியமான வரி வேறு இல்லை. அது எழுதப்பட்டதோ இந்தக் கடிதத்தில்!

கொலைக்கு முன் தயங்குகிறவன் அவன்தான். டங்கன் என் உறவினன், என் அரசன், என் விருந்தாளி. கொலைகாரன் வந்தால் கதவை அடைக்க வேண்டிய நானே கத்தியை எடுப்பதா என்று தனக்குள் வாதாடி, 'இதை இத்தோடு விட்டுவிடுவோம்' என்று அவளிடமும் சொல்லிவிடுகிறான். நீ ஆண்பிள்ளையா என்று கேட்டு அவனை மாற்றுகிறவள் அவள்.

கொலையை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டுவதே இல்லை. வானொலிக்காரர்களுக்கு என்றே எழுதியது போன்ற காட்சி அது. அந்தக் காலத்தில் குளோப் அரங்கில் கூரையில்லாத முற்றத்தில், பட்டப்பகலில்தான் நாடகம் நடக்கும். இருட்டையும் வார்த்தையால்தான் செய்ய வேண்டும். அவள் கீழே காத்திருக்கிறாள். ஆந்தை அலறுகிறது. சுவர்க்கோழி கத்துகிறது. அவன் இறங்கி வருகிறான். முதலில் கேட்கிறவள் அவள்.

'நீ ஏதாவது பேசினாயா?'
'எப்போது?'
'இப்போது.'
'நான் இறங்கி வரும்போதா?'
'ஆமாம்.'

அவ்வளவுதான். பக்கம் பக்கமாகப் பேசிய இருவருக்கும் ஒற்றைச் சொல்தான் வாயில் வருகிறது. யாரோ தூக்கத்தில் கடவுளைக் கூப்பிட்டார்கள், ஆமென் என்று சொல்ல வாயெடுத்தேன், தொண்டையில் சிக்கிக்கொண்டது என்கிறான். 'மேக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான்' என்று ஒரு குரல் கேட்டதாம். ரத்தக் கத்திகளையும் கையோடு கொண்டுவந்துவிட்டான். அவள் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பிணத்தருகே வைத்துவிட்டு, அதே சிவந்த கையோடு திரும்பி வந்து சொல்கிறாள்: 'கொஞ்சம் தண்ணீர் போதும், இது போய்விடும்.' இவ்வளவு நெஞ்சழுத்தக்காரி ஒரே ஒரு இடத்தில் இடறியிருந்தாள். தூங்கும்போது டங்கன் தன் அப்பாவைப் போல் இருந்ததாகவும், இல்லையென்றால் தானே குத்தியிருப்பேன் என்றும் ஒரு வரி. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த வரியால்தான்.

இதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன விஷயம் நடக்கிறது. நண்பன் பாங்க்வோவைக் கொல்ல மேக்பெத் ஆள் வைக்கிறான். மனைவியிடம் சொல்லவில்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவளாகவே கேட்கிறாள். 'நீ தெரிந்துகொள்ள வேண்டாம் கண்ணே, முடிந்த பிறகு பாராட்டு' என்கிறான். கொஞ்சலாகத்தான் சொல்கிறான். ஆனால் கடிதத்தில் சரிபாதியாக இருந்தவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டான். அவன் சறுக்கியது டங்கனின் அறையில் என்பார்கள், நான் இந்த இடம் என்பேன். அங்கே நெஞ்சு சுட்டது, அதை ஒருத்தியிடம் சொல்லவும் முடிந்தது.

அப்புறம் அந்த விருந்து. காலி இருக்கையில் பாங்க்வோவின் ஆவி உட்கார்ந்திருப்பது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. சின்ன வயதிலிருந்தே இவருக்கு இப்படி வரும், கண்டுகொள்ளாதீர்கள் என்று விருந்தினரைச் சமாளித்து அனுப்புகிறாள். எல்லோரும் போன பிறகு ஒரு ஏச்சு இல்லை, ஏன் இப்படி நடந்துகொண்டீர்கள் என்ற கேள்வி இல்லை. கடைசியில் 'உங்களுக்குத் தூக்கம் இல்லை' என்கிறாள். இருவரும் ஒன்றாக மேடையில் நிற்பது அதுவே கடைசி.

அடுத்து அவளைப் பார்க்கும்போது அவள் தூக்கத்தில் நடக்கிறாள். பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்பது அவள் கட்டளை. கையில் மெழுகுவத்தி. 1785-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் சாரா சிடன்ஸ் இந்த வேடம் கட்டியபோது ஒரு தகராறு வந்தது. அதுவரை நடித்தவர்கள் மெழுகுவத்தியைக் கையைவிட்டு இறக்கியதில்லை. சிடன்ஸ் அதைக் கீழே வைத்துவிட்டு நடிப்பேன் என்றார். அரங்கத்தை நடத்திய ஷெரிடன் நாடகம் தொடங்கும் நேரத்தில் ஒப்பனை அறைக்கே வந்து, வேண்டாம் என்று மன்றாடினாராம். இரண்டு கையும் சும்மா இருந்தால்தானே தேய்த்துக் கழுவ முடியும் என்பது சிடன்ஸின் கட்சி. சொன்னபடியே செய்தார். முடிந்ததும் ஷெரிடனே வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

அரேபியாவின் வாசனைத் திரவியம் அத்தனையும் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கையின் வாடை போகாது என்று புலம்புகிறாளே, அது எல்லோருக்கும் தெரிந்த வரி. எனக்கு அதைவிட மற்ற வரிகள்தான் வலிக்கின்றன. அவள் புருஷனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கையைக் கழுவுங்கள், இரவு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஏன் இப்படி வெளிறிப்போய் நிற்கிறீர்கள், பாங்க்வோவைப் புதைத்தாயிற்று, அவர் எழுந்து வரமாட்டார். 'வாருங்கள், வாருங்கள், கையைக் கொடுங்கள்.' அந்தக் கையோ எங்கோ போர் வேலையாகப் போயிருக்கிறது. ஓரத்தில் நின்று கேட்கிறவர்கள் ஒரு மருத்துவரும் ஒரு பணிப்பெண்ணும்தான்.

பிறகு கோட்டையை எதிரிப் படை நெருங்குகிறது. உள்ளே பெண்கள் அலறும் சத்தம். முன்பெல்லாம் இப்படிச் சத்தம் கேட்டால் எனக்கு மயிர் குத்திட்டு நிற்கும், இப்போது பயத்தின் ருசியே மறந்துவிட்டது என்கிறான் மேக்பெத். பணியாள் வந்து, அரசி இறந்துவிட்டார் என்கிறான். 'அவள் பிறகொரு நாள் இறந்திருக்கக் கூடாதா' என்கிறான் மேக்பெத். நாளை, நாளை, நாளை என்று உலகமே அர்த்தமற்றது என்பதாகப் பேசிக்கொண்டே போகிறான். அந்தப் பேச்சை மனப்பாடம் செய்யாத மாணவர் இருக்க மாட்டார். ஆனால் எப்படி இறந்தாள் என்று அவன் கேட்கவே இல்லை. தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டாளாம் என்று நாடகம் முடியும் இடத்தில் போகிற போக்கில் நமக்குச் சொல்கிறவன் எதிரி, டங்கனின் மகன் மால்கம்.

வணக்கம்.