காரோட ஸ்பார்க் பிளக்கை நாமளே மாத்தலாமா, டீலர்கிட்ட கொடுக்கலாமா?

[திரையில்: ஏற்காடு அடிவாரம். காலை நேரம். ஒரு பெட்ரோல் கார் மலை ஏறுகிறது.]

வணக்கம்ங்க. அடிவாரத்துல இருந்து முதல் நாலஞ்சு கொண்டை ஊசி வளைவு வரைக்கும் வண்டி நல்லாத்தான் ஏறுச்சு. அதுக்கு மேல செகண்ட் கியர்ல ஆக்சிலேட்டர அழுத்தி மிதிச்சா, யாரோ பின்னாடி பிடிச்சு இழுத்து விடற மாதிரி ஜெர்க் அடிக்குது. ஏரிகிட்ட போய் நிறுத்திப் பார்த்தா ஐடிலிங் சுத்தமா இருக்கு. திரும்ப சேலத்துக்கு இறங்கி அஞ்சு ரோட்டுல இருந்து ஓமலூர் ரோடு பக்கம் ஓட்டுனா, எந்தக் குறையும் தெரியல.

போன மாசம் என் வண்டியில நடந்தது இது. மீட்டர் 43,000 தாண்டிருச்சு. உள்ள இருக்குறது, பெட்ரோலுக்குத் தீ மூட்டுற ஸ்பார்க் பிளக்ல சாதா நிக்கல் வகை. வாங்குன நாள்ல இருந்து மாத்தவே இல்ல.

மலையில மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னு முதல்ல பாத்துருவோம். அது புரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

[திரையில்: பழைய பிளக், புது பிளக், பக்கத்துல பக்கத்துல. முனை மட்டும் பெரிதாக.]

இந்த நடு முனைக்கும் மேல வளைஞ்சு நிக்கிற கம்பிக்கும் நடுவுல இருக்குற சந்தைப் பாருங்க. இதைத்தான் கேப்னு சொல்றோம். புது பிளக்ல பெரும்பாலும் 0.8-ல இருந்து 1.1 மி.மீ. வரைக்கும் இருக்கும். இஞ்சின் 3,000 ஆர்பிஎம்-ல ஓடறப்ப, ஒரு பிளக் செகண்டுக்கு 25 தடவை தீப்பொறி விடணும். ஒவ்வொரு பொறிக்கும் துளித் துளியா உலோகம் தேயும். நடு முனையோட கூர் மழுங்கும், கேப் பெருசாகும். இடது பக்கம் இருக்கிறது என் வண்டியில கழட்டுனது. முனை உருண்டு போயிருக்கு, தெரியுதுங்களா?

கேப் கூடுனா அதைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் வேணும். சமதளத்துல மெதுவா போறப்ப சிலிண்டருக்குள்ள அழுத்தம் கம்மி, அதனால பிளக்குக்கு அந்த வோல்ட்டைக் கொடுக்கிற காயில் எப்படியோ சமாளிச்சிரும். மலை ஏத்தத்துல முழுசா மிதிச்சா காத்தும் பெட்ரோலும் நிறைய உள்ள போயி அழுத்தம் ஏறும். அழுத்தமான காத்துல பொறி பாயறது கஷ்டம். காயில் கொடுக்கிற வோல்ட் பத்தாமப் போறப்ப அந்த ஒரு தடவை தீப்பிடிக்காது. நமக்குத் தெரியற ஜெர்க் அதுதான். அதனால பிளக் தேய்ஞ்சிருக்கான்னு பாக்க, நம்ம ஏற்காடு ரோட்டை விட நல்ல சோதனைக் களம் கிடையாது.

ஜெர்க் அடிக்கறப்ப டேஷ்போர்டுல இஞ்சின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா, மிதிக்கறதை நிறுத்திட்டு ஓரங்கட்டுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி அங்க புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துரும். பிளக்கு செலவு எங்க, அந்தச் செலவு எங்க!

டீசல் வண்டிக்காரங்க இந்த வீடியோவை இத்தோட விட்டுரலாம். உங்க இஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

[திரையில்: பானெட் திறக்கிறது. மேலிருந்து இஞ்சின்.]

சரி, நாமளா, டீலரா? இதுக்கு பதில் உங்க பானெட்டுக்குள்ளதான் இருக்கு. திறந்து பாருங்க. இஞ்சின் தலை மேலயே வரிசையா மூணோ நாலோ காயில் நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு 10 நம்பர் போல்ட், கை தாராளமா போகுதுன்னா, தாராளமா நீங்களே செய்யலாம். நம்ம ஊர்ல ஓடற சின்ன பெட்ரோல் கார் நிறைய இப்படித்தான். காயில் மேல இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது இஞ்சினுக்குக் காத்து கொண்டு போற குழாய், படுத்திருந்தா, அதைக் கழட்டித்தான் பிளக்கைத் தொட முடியும்னா, டீலர்கிட்டயே கொடுத்துருங்க. வாரண்டி இருக்குற வண்டியையும் கொடுத்துருங்க, பில்லைப் பத்திரமா வைங்க. லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒரு தடவை கூட பிளக்கைக் கழட்டாத வண்டின்னாலும் நீங்க கை வைக்காதீங்க.

இறுகிப் போன பிளக்கைக் கழட்டுனா என்ன ஆகும்னு மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும். எங்க மாமா வண்டியில நான் கண்ணால பாத்தது. அதுக்கு முன்னாடி ஒரு பட்டறையில பிளக் மாத்தியிருந்தாங்க. நீளமான ஹேண்டில் போட்டு, பலம் கொண்ட மட்டும் முறுக்கி விட்டிருக்காங்க. அடுத்த தடவை கழட்டறப்ப, பிளக்கு கூடவே ஹெட்டோட, அதாவது அலுமினிய இஞ்சின் தலையோட மரையும் சுருள் சுருளா வந்துருச்சு. பிளக்கோட மரை இரும்பு, ஹெட்டோட மரை அலுமினியம். ரெண்டும் மல்லுக்கட்டுனா தோக்கறது எப்பவும் அலுமினியம்தான். ஹெட்டைக் கழட்டி, லேத் பட்டறைக்குக் கொண்டு போயி, உள்ள புது மரை இன்செர்ட் போட்டாங்க. மாமா பத்து நாள் பஸ்ல போனாரு.

அதனாலதான் சொல்றேன், இந்த வேலையில நீங்க காப்பாத்த வேண்டியது அந்த மரையை. டீலருக்குக் கொடுக்கிற கூலியும் அதுக்குத்தான். அங்க மரை போனா அவங்க பொறுப்பு, நம்ம வீட்டு வாசல்ல போனா நம்ம பொறுப்பு.

[திரையில்: கருவிகள் ஒரு துணி மேல்.]

வேண்டியது: உள்ள ரப்பர் இருக்குற பிளக் சாக்கெட், நிறைய வண்டிக்கு 16 நம்பர், சிலதுக்கு 14. நீள எக்ஸ்டென்ஷன், ராட்செட், 10 நம்பர் சாக்கெட். ஒரு சாண் ரப்பர் டியூப். முடிஞ்சா, எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச். எந்த பிளக்குன்னு ஓனர் மேனுவல்ல போட்டிருக்கிற நம்பரை மட்டும் பாத்து வாங்குங்க. கடையில "அதுவும் இதுவும் ஒண்ணுதாங்க"ன்னு சொன்னா கேக்காதீங்க. பிளக் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளிய கடத்தும்ங்கறதும் அந்த நம்பர்லயே இருக்கு: என்ஜிகே-ல நம்பர் கூடுனா பிளக் குளிர்ச்சி, அதாவது சீக்கிரம் கடத்தும்; பாஷ்-ல நம்பர் கூடுனா சூடு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கே தலைகீழ். டூப்ளிகேட்டும் நிறைய ஓடுது, அதனால தெரிஞ்ச ஸ்பேர்ஸ் கடையில பில்லோட வாங்குங்க.

[திரையில்: காயில் கழற்றும் கை. பிளக் குழிக்குள் டார்ச் வெளிச்சம்.]

இஞ்சின் முழுசா ஆறணும். ராத்திரி நிறுத்துன வண்டியை விடிஞ்சதும் தொடுங்க. சூடா இருக்கறப்ப அலுமினிய மரை சீக்கிரம் கெடும். காயிலைக் கழட்டுனதும் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. என் வண்டியில பாருங்க, பிளக்கைச் சுத்தி மாவு கொட்டுன மாதிரி வெள்ளைத் தூசி. மேக்னசைட் சுரங்கம் பக்கம் தினம் போய் வர்ற வண்டி இது. இதை அப்படியே விட்டுட்டு பிளக்கைக் கழட்டுனா எல்லாம் சிலிண்டருக்குள்ள விழும். சைக்கிள் பம்பால ஊதி எடுத்தேன், அதுவே போதும். தூசிக்குப் பதிலா எண்ணெய் தேங்கியிருந்தா வால்வ் கவர் பக்கத்து சீல் ஒழுகுது. அப்ப பிளக் மாத்தறது மட்டும் பத்தாது, மெக்கானிக்கைப் பாருங்க.

கழட்டறப்ப முதல் அரைத் திருப்பு இறுக்கமா இருந்துட்டு, 'டக்'குனு விடும். அதுக்கப்புறம் விரலாலேயே சுத்த வரணும். நடுவுல மறுபடி இறுகுனா பலம் போடாதீங்க. கால் சுத்து உள்ள திருப்பி, மறுபடி வெளிய எடுங்க. அப்பவும் வரலைன்னா அந்த இடத்துலயே நிறுத்திட்டு வண்டியைக் கொடுத்துருங்க.

[திரையில்: ரப்பர் டியூப் முனையில் புது பிளக், குழிக்குள் இறங்குகிறது.]

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். புது பிளக்கோட தலையை ரப்பர் டியூப்ல சொருகி, குழிக்குள்ள இறக்கி, டியூப்பை விரலால உருட்டுங்க. மரை நேரா பிடிச்சா வழுக்கிட்டு உள்ள போகும். கோணலா பிடிச்சா டியூப் பிளக்கு மேலயே சும்மா வழுக்கி, உங்களை நிறுத்திரும். ராட்செட்டுக்கு அந்த அறிவு கிடையாது, அது கோணலா இருந்தாலும் உள்ள தள்ளிரும்.

கையால போற வரைக்கும் போனதுக்கு அப்புறம்தான் சாக்கெட். வாஷர் வச்ச 14 மி.மீ. மரை பிளக்குக்கு 25-ல இருந்து 30 நியூட்டன் மீட்டர். மேனுவல்ல வேற அளவு இருந்தா அதுதான் சரி. டார்க் ரெஞ்ச் இல்லைன்னா, வாஷர் உக்காந்ததுல இருந்து அரைச் சுத்துக்கு மேல, முக்கால் சுத்துக்குக் கீழ. மரையில கிரீஸ் தடவாதீங்க, வழுக்கல்ல தெரியாமலே அதிகமா இறுக்கிருவீங்க. பிளக் கை தவறிக் கீழ விழுந்தா அதைப் போடாதீங்க, பீங்கான்ல கண்ணுக்குத் தெரியாம விரிசல் விட்டிருக்கும். இரிடியம் பிளக்னா கேப்பை நோண்டவே வேண்டாம், அந்த முனை உடைஞ்சிரும். ஆனா ரொம்ப நாள் உழைக்கும், லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் கூட வரும்.

டீலர்கிட்ட கொடுக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: வண்டியை விடறப்பவே "பழைய பிளக்கைத் திருப்பிக் கொடுங்க"ன்னு சொல்லி ஜாப் கார்டுல எழுத வைங்க. அது நம்ம காசு கொடுத்து வாங்குன பொருள், கேக்கறதுல தப்பே இல்ல.

[திரையில்: நான்கு பழைய பிளக்குகள், 1, 2, 3, 4 என்று எழுதிய அட்டையில்.]

வந்ததும் எந்த சிலிண்டருதுன்னு நம்பர் போட்டு இப்படி வரிசையா வச்சுப் பாருங்க. இளம் பழுப்பா, சாம்பலா இருந்தா இஞ்சின் நல்லா இருக்கு. வறண்ட கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகமா போகுது. எண்ணெய் ஈரமா இருந்தா அந்த சிலிண்டர்ல எண்ணெய் ஏறுது. என் வண்டியில மூணு பிளக் பழுப்பு. மூணாம் நம்பர் மட்டும் கொஞ்சம் கருப்பு. புது பிளக் போட்டதும் ஏற்காடு ஏறிப் பாத்தேன், ஜெர்க் சுத்தமா இல்ல. ஆனாலும் அடுத்த 5,000 கிலோமீட்டர்ல மூணாம் நம்பரை மட்டும் கழட்டிப் பாக்கப் போறேன். அட்டையில தேதியும் கிலோமீட்டரும் எழுதி வச்சிருக்கேன்.