போனில் அழித்தால் எங்கெல்லாம் அழியும்?

நேயர்களுக்கு வணக்கம்.

'போனில் இடம் இல்லை' என்று திரையில் ஒரு எச்சரிக்கை வருகிறது. உடனே என்ன செய்கிறோம்? கூகுள் போட்டோஸைத் திறந்து, போன வருஷத்துப் படங்களை வரிசையாகத் தொட்டுத் தொட்டு அழிக்கிறோம். எல்லாம்தான் கூகுளில் ஏறியிருக்கிறதே, போனில் எதற்கு என்ற தைரியம். மூன்று மாதம் கழித்து மகளுடைய காதுகுத்துப் படத்தைத் தேடினால் போனிலும் இல்லை, கூகுளிலும் இல்லை. இன்றைக்கு இதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். மெயில் வராத பிரச்சினை, கணக்குப் பறிபோகிற பிரச்சினை இரண்டையும் நேரம் இருக்கிற மட்டும் சொல்கிறேன்.

ஒரே கணக்கு நோட்டை வீட்டில் இரண்டு பேர் வைத்து எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு வரியை அடித்துவிட்டால், மற்றவர் திறந்து பார்க்கும்போதும் அது அடிபட்ட வரிதான். சின்க் என்பது அந்த நோட்டு. போனில் இருப்பதும் கூகுளில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு இடப்பட்ட வேலை. நீங்கள் சேர்த்தால் அங்கும் சேர்க்கும், அழித்தால் அங்கும் அழிக்கும். பேக்கப் என்றால் அழித்த பிறகும் இன்னோர் இடத்தில் இருக்க வேண்டும். சின்க் அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. இதைப் பேச்சின் நடுவில் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படங்களுக்கு வருவோம். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை நீக்கினால் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் இருக்கும், ஆகாத படம் 30 நாள்தான். அதற்குள் நினைவு வந்தால் திரும்ப எடுத்துவிடலாம். இடம் மட்டும்தான் வேண்டும் என்றால் அழிக்கிற பொத்தானைத் தொடவே வேண்டாம். அதே ஆப்பில் வலது மேல்மூலையில் உங்கள் படம் இருக்கும். அதைத் தொட்டால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று வரும். அது கூகுளில் ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும், ஏறாததைத் தொடாது.

ஏறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அநேகம் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பேக்கப்பை ஆன் செய்தால் கேமராவில் எடுத்த படங்கள் மட்டும்தான் தானாக ஏறும். வாட்ஸப்பில் வந்த படங்கள் வேறு ஃபோல்டரில் இருக்கின்றன. பேக்கப் செட்டிங்ஸில் 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்துக்குப் போய் வாட்ஸப் ஃபோல்டரைத் தனியாக ஆன் செய்தால்தான் அவை ஏறும். உறவுக்காரர்கள் அனுப்பிய கல்யாணப் படங்கள் முழுக்க அந்த ஃபோல்டரில்தானே கிடக்கும்? சோதிக்க நல்ல வழி, வேறொரு கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்து, நேற்று வந்த படம் அங்கே தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. வீட்டுக் கணினியாக இல்லாவிட்டால் பார்த்து முடித்ததும் மறக்காமல் லாக் அவுட் செய்யுங்கள்.

அதற்கும் மேலே, தொலைந்தால் திரும்ப எடுக்கவே முடியாத படங்கள் இருக்கும். அவற்றுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். போனின் மேற்பகுதியை இழுத்தால் வருகிற அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேபிள் சார்ஜ் மட்டும் போகிற ரகமாக இருந்தால் அந்த அறிவிப்பே வராது, கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு கேமராப் படங்கள் இருக்கிற டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரை அப்படியே டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். நகல்தான், 'கட்' வேண்டாம். பாதியில் கேபிள் கழன்றால் கட் செய்தவை எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இதே விஷயம் தொடர்பு எண்களிலும் நடக்கிறது. புதுப் போன் வாங்கியாயிற்று, பழையதைத் தங்கைக்குக் கொடுக்கப் போகிறோம். கொடுப்பதற்கு முன்னால், நம் எண்கள் அவளுக்கு எதற்கு என்று பழைய போனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கிறோம். கூகுள் கணக்கு அதில் இன்னும் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் புதுப் போனிலும் எண்கள் காணாமல் போய்விடும். முன்பு சொன்ன அதே நோட்டுதான். செய்ய வேண்டியது வேறு. பழைய போனின் செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' போய், கூகுள் கணக்கை 'ரிமூவ்' செய்யுங்கள். அது அந்தப் போனிலிருந்து மட்டும் கழலும், கணக்குக்கு ஒன்றும் ஆகாது. அதன் பிறகு 'ஃபேக்டரி ரீசெட்'. கணக்கைக் கழற்றாமல் பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், திரும்ப ஆன் ஆகும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். திருடனுக்குப் போட்ட பூட்டு அது, ஆனால் தங்கையையும் உள்ளே விடாது.

எண்களைத் தவறி அழித்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். கூகுள் கான்டாக்ட்ஸிலும் ஒரு குப்பைத்தொட்டி உண்டு, 30 நாள் வைத்திருக்கும். ஆனால் சிம்மிலோ போனிலோ மட்டும் சேமித்த எண்களுக்கு அந்த வசதி கிடையாது. புது எண்ணைச் சேமிக்கும்போது மேலே எந்தக் கணக்கு என்று காட்டும். அங்கே உங்கள் மெயில் முகவரி தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள், போதும்.

மெயிலுக்கு வருகிறேன். கடையில், அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிற புகார்: கணினியில் மெயில் இருக்கிறது, போனில் இல்லை. கணினியில் அவுட்லுக் போன்ற மென்பொருளில் அந்த முகவரி 'பாப்' முறையில் போடப்பட்டிருக்கும். மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில், அதாவது மெயில் நிறுவனத்தின் கணினியில், இருப்பதை அழித்துவிடுவது அதன் பழைய வழக்கம். போன் போய்ப் பார்க்கும்போது சர்வரில் ஒன்றும் இருக்காது. கணக்கு செட்டிங்ஸில் 'சர்வரில் ஒரு நகல் வை' என்பதை டிக் செய்யலாம். அதைவிட நல்லது 'ஐமேப்' முறையில் புதிதாகப் போடுவது, போர்ட் எண் 993. ஆனால் ஐமேப் சின்க் வகை. போனில் நீங்கள் அழித்தால் கடைக் கணினியிலும் போய்விடும் என்பதை ஊழியர்களிடமும் சொல்லி வையுங்கள்.

போனில் எந்த மெயிலும் திறக்காமல், 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து கிடந்த சில போன்கள் ஆன் ஆகும்போது பழைய வருஷத்தைக் காட்டும். தளம் உண்மையானதுதான் என்று காட்டுகிற சான்றிதழ் ஒவ்வொரு இணையதளத்துக்கும் இருக்கும், அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. போனின் தேதி அதற்கு வெளியே இருந்தால் போன் நம்ப மறுக்கும். தேதி, நேரத்தைத் 'தானாக' என்று வைத்தால் சரியாகிவிடும்.

ஜிமெயில் நன்றாகத் திறக்கிறது, புது மெயில் மட்டும் வருவதே இல்லை. காரணம் பெரும்பாலும் இடம். 2004இல் ஜிமெயில் வந்தபோது 1 ஜி.பி. கொடுத்தார்கள், இப்போது இலவசமாக 15 ஜி.பி. அது மெயிலுக்கு மட்டுமான இடம் இல்லை. டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்துத்தான். படங்களுக்கு அளவில்லாமல் இலவச இடம் என்ற சலுகை 2021 ஜூன் 1 அன்று முடிந்துவிட்டது. அதன் பிறகு ஆண்ட்ராய்டில் வாட்ஸப் பேக்கப்பும் இதே 15க்குள் வந்துவிட்டது. நிறைந்துவிட்டால் மெயில் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பப்படும். அனுப்பியது ஒரு கல்லூரியின் தானியங்கி முகவரி என்றால் திரும்பி வந்ததை அங்கே யார் படிக்கப் போகிறார்கள்? கலந்தாய்வுக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

ஜிமெயில் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும். குறைக்க முதலில் வாட்ஸப்புக்குப் போங்கள். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். அங்கே 'இன்க்ளூட் வீடியோஸ்' என்பதை அணைத்துவிட்டு ஒருமுறை பேக்கப் எடுங்கள். வீடியோக்கள் போனில் இருக்கும், பேக்கப்பில் இருக்காது. வேண்டியதை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்து ஜிமெயில் தேடலில் ஆங்கிலத்தில் 'லார்ஜர்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10 போட்டு, ஒட்டியே 'எம்' என்ற ஆங்கில எழுத்தை அடியுங்கள். 10 எம்.பி.க்கு மேலான மெயில்கள் மட்டும் வரும். வேண்டாததை அழித்துவிட்டு குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். தொட்டியில் கிடக்கிற வரை, 30 நாளும், அது உங்கள் இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கணக்குத் திருட்டைப் பற்றி விரித்துப் பேச வைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கை மீட்பதற்காகக் கொடுத்த ரெகவரி போன் எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போகலாம். பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கிற இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டால், போன் கையில் இல்லாதபோது நுழைய 'பேக்கப் கோட்ஸ்' என்று 8 இலக்க எண்கள் 10 கொடுப்பார்கள். தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள், போனில் படம் எடுத்து வைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும்.

யாரோ மெயிலில் நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் மெயிலெல்லாம் தன் முகவரிக்கும் போகும்படி ஃபார்வர்டிங் அல்லது ஃபில்டர் வைத்துவிட்டுப் போயிருப்பான். பாஸ்வேர்டு மாறினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். போன் ஆப்பில் அது தெரியாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர்ஸ் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் நீக்குங்கள்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸப்பில் ஏ.பி.கே. என்று முடிகிற ஃபைல் வந்தால் திறக்காதீர்கள், தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் சரி. அது உங்கள் ஓடிபியைப் படிக்க வந்த ஆப். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

வணக்கம்.