பார் 150 கிலோ தாங்கும், கூரை தாங்குமா? ரூஃப் ரெக் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி வெள்ளவத்தையில இருந்து ஒரு அண்ணா அனுப்பியிருக்கிறார். அவரிட்ட ஜப்பானில இருந்து வந்த ரீகண்டிஷன் ஜீப் ஒண்டு இருக்கு. வீட்டில அஞ்சு பேர். பள்ளிக்கூட லீவுக்கு யாழ்ப்பாணம் போகேக்க டிக்கி காணாதாம். அதால கூரைக்கு மேல கிறொஸ்பார், அதாவது குறுக்குக் கம்பி, ரெண்டு போட்டு, அதுக்கு மேல சாமான் வைக்கிற மூடின பெட்டி, ரூஃப் பொக்ஸ், ஒண்டும் பூட்ட யோசிக்கிறார். பஞ்சிகாவத்தையில ஒரு கடையில காட்டின பாரில 150 கிலோ எண்டு அடிச்சிருக்காம். "அப்ப 150 கிலோ ஏத்தலாம்தானே, அதையே வாங்கவா?" எண்டு கேக்கிறார்.

அண்ணா, வாங்க முதல் இதைக் கேளுங்கோ. அந்த 150 எண்டிறது பாரின்ர கணக்கு. உங்கட கூரையின்ர கணக்கு வேற. இதில மூண்டு எண் பாக்க வேணும். வாகனக் கொம்பனி கூரைக்குக் குடுத்த பாரம் ஒண்டு, பாருக்குக் குடுத்த பாரம் ஒண்டு, பாரைக் கூரையோட பிடிக்கிற காலுக்குக் குடுத்த பாரம் ஒண்டு. இந்த மூண்டில எது குறைவோ அதுதான் உங்கட எல்லை. குடும்பங்கள் வைச்சிருக்கிற இந்த அளவு ஜீப்புகளுக்குக் கூரைப் பாரம் பெரும்பாலும் 50 கிலோவில இருந்து 100 கிலோவுக்குள்ளதான் வரும். 75 எண்டிறது அடிக்கடி காணிற எண்.

இப்ப 75 எண்டே வைச்சுக் கணக்குப் பாப்பம். ரெண்டு பாரும் காலுகளும் சேர்ந்து அஞ்சாறு கிலோ. அதுவும் கூரை சுமக்கிற பாரம்தான். ரூஃப் பொக்ஸ் வெறுமையாவே 15, 20 கிலோ வரும். அதையும் கழியுங்கோ. மிச்சம் கிட்டத்தட்ட 50 கிலோ. பிளேனில போடுற 23 கிலோ சூட்கேஸ் ரெண்டு வைச்சால் அவ்வளவுதான், கணக்கு முடிஞ்சுது. பொக்ஸுக்குள்ள இன்னும் இடம் இருக்கும், ஆனால் பாரத்துக்கு இடம் இல்லை. இடம் இருக்கெண்டு சனம் நிரப்புறதைப் பாக்க எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு.

சில பேர் கேப்பினம், கூரைக்கு மேல கூடாரம் அடிச்சு ரெண்டு பேர் படுக்கினமே, அது எப்பிடி எண்டு. அது வாகனம் நிக்கேக்க. நிக்கிற வாகனத்தின்ர கூரை கன மடங்கு தாங்கும். ஓடேக்க கதை வேற. ஏ9 வீதியில வவுனியா தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறியள், திடீரெண்டு ஒரு மாடு குறுக்க வருது. நீங்கள் பிறேக் அடிக்க வாகனம் நிக்கப் பாக்கும், மேல இருக்கிற பாரம் முன்னுக்குப் போகப் பாக்கும். அந்த இழுவை முழுக்க நாலு காலிலயும்தான் விழும். ஸ்டியரிங்கை வெட்டி எடுத்தால் இன்னும் மோசம். பாரம் உயரத்தில இருக்கிறதால வாகனம் ஒரு பக்கம் சாயும், பிரளுற ஆபத்தும் கூடும். அந்த எல்லையை இதெல்லாம் பாத்துத்தான் குறைச்சு வைச்சிருக்கிறாங்கள். இன்னொண்டு, கூரையில ஏத்தினதும் வாகனத்தின்ர மொத்தப் பாரத்தில சேரும். அஞ்சு பேரும் இருந்து, டிக்கியும் நிரம்பி, மேலயும் 75 எண்டால் மொத்த எல்லை தாண்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.

கூரைக்குக் குடுத்த அந்த எண்ணை எங்க பாக்கிறது? வாகனத்தோட வந்த கைநூலில இருக்கும். உங்கட கைநூல் ஜப்பானிய மொழியில இருக்கும், அதுக்காகத் தூக்கி வைக்காதேங்கோ. ஃபோன் கமராவைப் பிடிச்சாலே இப்ப மொழிபெயர்த்துக் காட்டும். கூரை கரியர் பற்றின பகுதியில கிலோக் கணக்குப் போட்டிருக்கும். கைநூல் இல்லாட்டி, சேசி இலக்கத்தைக் குடுத்து அந்த பிராண்டின்ர ஏஜென்ட்டிட்டக் கேளுங்கோ. கடைக்காரர் வாயால சொல்லுற எண்ணை நம்பிப் பிள்ளைகளை ஏத்திக்கொண்டு போகாதேங்கோ.

அடுத்தது, உங்கட கூரை எந்த மாதிரி எண்டிறது. கேள்வியில அண்ணா அதைச் சொல்லேல்லை, ஆனா எந்தப் பார் வாங்கிறது எண்டிறதைத் தீர்மானிக்கிறதே அதுதான். வாகனத்துக்குப் பக்கத்தில போய் நிண்டு, கூரையில நீட்டா ஓடுற ரெயிலுக்குக் கீழ விரலை விட்டுப் பாருங்கோ. விரல் மற்றப் பக்கம் போகுதெண்டால் அது உயர்த்தின ரெயில். காலை ரெயிலைச் சுத்திப் போட்டு இறுக்கலாம், பொதுவா விக்கிற பார்கள் கனக்க இதுக்குப் பொருந்தும். விரல் போகேல்லை, ரெயில் கூரையோட ஒட்டியே கிடக்கெண்டால், அதுக்கு விளிம்பில கொளுவிப் பிடிக்கிற வேற கால் வேணும். அது உங்கட மொடலுக்கெண்டே செய்ததா இருக்க வேணும். இந்த ரெயிலுக்கு மற்றக் காலை வாங்கி, இடையில றப்பர் துண்டு செருகி இறுக்கிக் குடுக்கிற ஆக்கள் இருக்கினம். பாக்க இறுக்கமா இருக்கும், ஓட ஓட வழுகும். தயவுசெய்து வேண்டாம்.

ரெயிலே இல்லாத மொட்டைக் கூரையெண்டால், கதவு விளிம்பில கொளுக்கி போட்டுப் பிடிக்கிற கால் இருக்கு. சில வாகனங்களில சின்ன மூடிக்குக் கீழ போல்ட் பூட்டுற ஓட்டை கொம்பனியே வைச்சிருக்கும், அது இருந்தால் நல்லது. கடைசியா ஒண்டு, இதைக் கட்டாயம் பாருங்கோ. சில வாகனங்களில ரெயில் மாதிரி இருக்கிறது வடிவுக்கு ஒட்டின பிளாஸ்டிக். ரெண்டு பக்க டேப்பில நிக்குது. ரீகண்டிஷன் வாகனத்தில அதை ஆர் எப்ப ஒட்டினது எண்டும் தெரியாது. அதில ஒரு கிலோவும் ஏத்தக் கூடாது.

அப்ப பஞ்சிகாவத்தைப் பாரை வாங்கலாமோ எண்டால், உயர்த்தின உலோக ரெயில் இருந்து, காலில பாரம் தெளிவா அடிச்சிருந்து, பூட்டினாப் பிறகு கையால பிடிச்சு ஆட்டேக்க வாகனமே ஆடுது, பார் மட்டும் தனிய அசையேல்லை எண்டால் வாங்கலாம், பிழையில்லை. கூரையோட ஒட்டிக் கிடக்கிற ரெயில், மொட்டைக் கூரை எண்டால் காசைப் பாக்காமல் தூலே, யாகிமா மாதிரி மொடல் வாரியா கிட், அதாவது பொருத்துற துண்டுகள், குடுக்கிற பிராண்டுக்குப் போங்கோ. அவையின்ர பட்டியலில வாகனத்தின்ர பேரோட வருசமும் கூரை வகையும் குடுத்துத்தான் தேட வேணும். ஒரே பேரில வந்த வாகனத்துக்கே தலைமுறைக்குத் தலைமுறை கிட் மாறும்.

பாரின்ர வடிவம் பற்றி நீட்டத் தேவையில்லை. சதுர இரும்புப் பார் மலிவு, பலம், ஆனா வேகத்தில இரையும். காலி வீதி ட்ரஃபிக்கில அது தெரியாது, ஹைவேயில 100இல போகேக்க தலையிடி தரும். செட்டை வடிவ அலுமினியம் எடுங்கோ. மேல இருக்கிற பள்ளத்துக்கு றப்பர் பட்டி தருவினம், அதை எறியாமல் போடுங்கோ, விசில் சத்தம் குறையும். வெள்ளவத்தைப் பக்கம் எண்டபடியா கடல் உப்புக் காத்து வேற. போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸோ எண்டு கேளுங்கோ. பூட்டு உள்ள காலா எடுத்தால் ரோட்டில நிப்பாட்டேக்கயும் நிம்மதி.

பூட்டேக்க, கால் குந்திற இடத்தைக் கழுவித் துடைச்சுப் போட்டுப் பூட்டுங்கோ, மண் இருந்தால் பெயின்ட் போயிடும். ரெண்டு பாருக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு பாரோட வார தாளில இருக்கும், கிட்டக் கிட்டப் போட்டால் நீளச் சாமான் ஆடும். சன்ரூஃப் இருந்தால் திறந்து பாருங்கோ, டிக்கிக் கதவையும் முழுக்க உயர்த்திப் பாருங்கோ, பொக்ஸில முட்டக் கூடாது. தந்த சாவியால, சொன்ன அளவுக்கு இறுக்குங்கோ. முதல் 50 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு, அதாவது நீர்கொழும்பு தாண்டினவுடன ஒருக்கா நிப்பாட்டி, கையால ஆட்டிப் பாத்துத் திரும்ப இறுக்குங்கோ.

மேல உடுப்புப் பை, தலையணை, பாய் மாதிரி பாரமில்லாத சாமான். திரும்பி வரேக்க அம்மா தந்துவிடுற அரிசி மூடை, மாம்பழப் பெட்டி, ஒடியல் எல்லாம் டிக்கியில, கீழ. பொக்ஸ் வாங்காமல் படங்கு போட்டுக் கட்டுறதெண்டால் முன்பக்க விளிம்பைக் காத்துப் புகாமல் மடிச்சு, மேல வலையும் போட்டு இறுக்குங்கோ.

இன்னொண்டு, உங்கட அப்பார்ட்மென்ட் பார்க்கிங். ஜீப் 1.65 மீற்றர் எண்டால், பாருக்கு ஒரு 10 சென்டிமீற்றர், பொக்ஸுக்கு 40, எல்லாம் சேர்த்து 2.15. பேஸ்மென்ட் வாசலில உயரம் எழுதின பலகை இருக்கும், இண்டைக்கே பாருங்கோ. 2.1 எண்டு இருந்தால் பொக்ஸை வெளியில வைச்சுத்தான் பூட்டவும் கழட்டவும் வேணும். கழட்டினால் பாரையும் சேர்த்துக் கழட்டுங்கோ, சும்மா கிடந்தாலும் காத்தைப் பிடிச்சுப் பெற்றோல் குடிக்கும். ரெயிலைப் பக்கவாட்டில ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ அண்ணா, எந்தக் கால் வேணும் எண்டு பாத்துச் சொல்லுறன்.