தூங்கற கிழங்குக்கு தண்ணி ஊத்தாதீங்க: எங்க மாடில செங்காந்தள்

வணக்கம்ங்க. வெடிஞ்சதும் நேரா மாடிக்கு வந்துட்டேன், எதுக்குன்னா இருங்க, கேமராவ கிட்ட கொண்டு வர்றேன்... தெரியுதுங்களா? நம்ம செங்காந்தள். ஒரே கொடில மூணு பூ, மூணும் மூணு கலரு. இது நேத்து விரிஞ்சது, இன்னும் பச்சை கலந்த மஞ்சள்தான். இதுக்கு நாலு நாள் ஆச்சு, அடில மஞ்சள், நுனில செவப்பு ஏறிருச்சு. மேல இருக்கறது முழுச் செவப்பு. வேற வேற வகைன்னு நெனச்சுக்காதீங்க, ஒரே பூதான் நாளாக நாளாக இப்படி மாறும். ஆறு இதழும் ஓரம் நெளிஞ்சு மேல பாத்து நிக்கறப்ப தீ எரியற மாதிரியே இருக்கு, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சலிக்கல.

எங்க தாராபுரம் பக்கம் இதுக்கு கண்வலிக் கிழங்குன்னுதான் பேரு. மூலனூர் பக்கமெல்லாம் விதைக்காக வயல்லயே பயிர் பண்றாங்க, அதுல இருக்கற கோல்ச்சிசின்ங்கற வேதிப்பொருள் கவுட்ங்கற மூட்டு வலி மருந்துக்கு போகுது. உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்னு சொல்லி எங்க அம்மாயி எங்கள கிளுவை வேலிப் பக்கமே விட மாட்டாங்க. ஸ்கூல்ல மாநில மலர்னு படிச்சதும் அந்த வேலிப் பூவும் ஒண்ணுதான்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஈழத்துல கார்த்திகைப் பூங்கறதும் இதேதான். குறிஞ்சிப்பாட்டுல கபிலர் 99 பூ சொல்றாருல்ல, அதுல மொதப் பூவே காந்தள்ங்க!

சரி, இந்த வீடியோ எதுக்குன்னா, போன வருஷம் நெறைய பேரு கொடி காஞ்சுருச்சு என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. நானும் மொத வருஷம் அதேதான் பண்ணேன். தை மாசம் கொடி வைக்கோல் மாதிரி ஆனதும் செத்துருமோன்னு பயந்து தினமும் தண்ணி ஊத்துனேன், ரெண்டு மாசம் கழிச்சு தொட்டிய கவுத்துப் பாத்தா கிழங்கு கொழகொழன்னு அழுகிக் கெடக்குது. கொடி காஞ்சப்ப அது சாகவே இல்லைங்க, தூங்கிட்டுதான் இருந்துச்சு. அன்னிக்கு பூரா எனக்கு சோறே இறங்கல. அதனால மேல காஞ்சதும் தண்ணிய அடியோட நிறுத்திருங்க, தொட்டிய மழை படாத ஓரத்துல வச்சுட்டு மறந்துருங்க. ஆனிக் கடைசி இல்ல ஆடில அதுவா முளைக்கும்.

புதுசா வாங்கறவங்க கிழங்க நல்லா பாத்து வாங்குங்க. கலப்பை மாதிரி வளைஞ்சு ரெண்டு கை இருக்கும், கையோட நுனிலதான் முளைக்கற கண்ணு இருக்கு. ஒரு தடவை நர்சரில வாங்குனது ரெண்டு நுனியும் ஒடிஞ்சது, நானும் கவனிக்கல, கடைசி வரைக்கும் முளைக்கல. காட்டுலயும் வேலிலயும் தோண்டி எடுக்காதீங்க, பயிர் பண்றவங்ககிட்ட கேளுங்க. விதைலயும் வரும், ஆனா பூ பாக்க மூணு நாலு வருஷம் ஆயிரும். மண்ணுல பாதிக்குப் பாதி மணல் கலந்து, கிழங்க படுக்க வச்சு மூணு நாலு இஞ்ச் மண்ணு மூடுனா போதும், தண்ணி மட்டும் தேங்கவே கூடாது.

அப்பறம் இங்க பாருங்க, இலை நுனி சுருண்டு கம்பிய புடிச்சிருக்குல்ல, இதோட கையே இந்த நுனிதான். தடி மூங்கில் நட்டா புடிக்க முடியாம சரிஞ்சுரும், மெல்லிசு குச்சியோ வலையோ கட்டுங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். இது முழுக்க வெசம், பூ, இலை, விதை எல்லாமே, கிழங்கு சொல்லவே வேண்டாம். சக்கரவள்ளி, சேப்பங்கிழங்கு போடற எடத்துல இத வைக்கவே வைக்காதீங்க, கிழங்குன்னு நெனச்சு யாராவது எடுத்துட்டா உயிருக்கே ஆபத்து. சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருக்கற வீட்டுல எட்டாத எடம் பாத்து வைங்க, வைக்க முடியலைன்னா வேண்டாம்ங்க. நான் க்ளவுஸ் போட்டுத்தான் தொடுவேன்.

இப்ப காலைல இருக்கறப்பவே ஒரு வேலைய முடிச்சுடறேன். நடுவுல இந்த சூல்தண்டு பாருங்க, நேரா நிக்காம பக்கவாட்டுல மடங்கி வெளிய நீட்டிட்டு இருக்கு, அதனால தன் மகரந்தம் தன் மேலயே சுலபமா விழாது. விதைக்காக பயிர் பண்றவங்க தெனமும் காலைல ஒவ்வொரு பூவா மகரந்தத்த எடுத்து சூல்தண்டு நுனில கையால தொட்டு விடுவாங்க. நான் பெயிண்ட் பிரஷ்ஷுல, இந்தா, இந்தப் பூவுல இருந்து எடுத்து... அந்த நுனில, மெதுவா... ஒட்டிருச்சு.