பேர் இருந்தது

வணக்கம் நேயர்களே. இலங்கையில், ஹட்டனில் ஒரு அலுவலகத்தில் தரவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பல தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் விபரம் எங்களிடம் வந்து சேரும். "கம்ப்யூட்டர்ல தட்டுற வேலைதானே" என்பார்கள். தட்டுவது கொஞ்ச நேரம்தான். தட்டியது சரியா என்று பார்ப்பதிலேயே நாள் போய்விடும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று சொல்வோம். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் சம்பளம். என் அப்பாயி முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது, செக்ரோலில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்‌ஷ்மி, பிறப்புச் சான்றிதழில் லச்சுமி. அவர் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் தோட்டம் கட்டிய 12 வீதமும் அப்படியே கிடந்தன. மூவரும் ஒருவர்தான் என்று காட்ட, சத்தியக் கடதாசியும் கையுமாக அலைந்தோம். அந்த அலைச்சல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

அதனால் பெயரை மட்டும் நம்பி நான் இரண்டு பட்டியலைச் சேர்ப்பதில்லை. அடையாள அட்டை இலக்கத்தையும் பார்ப்பேன். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது; எந்த வருஷமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துத்தான் கணக்கு. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 62715 என்று தொடங்கினால், 1962 ஆகஸ்ட் 2இல் பிறந்த பெண். பக்கத்தில் 'ஆண்' என்று இருந்தால் எங்கோ பிழை. புதிய அட்டையின் 12 இலக்கத்தை எக்ஸெல்லில் வெறும் எண்ணாக விட்டால் அது சுருக்கிக் காட்டும். எனவே முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். வெற்றுக் கட்டத்தில் பூச்சியம் போடாதீர்கள். பூச்சியம் என்றால் ஆள் வேலைக்கு வரவில்லை. வெற்றிடம் என்றால் யாரும் எழுதவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

ஒருமுறை ஒரே நாளில் ஆறு கட்டம் காலியாக வந்தது. ஃபோன் எடுத்துத் தோட்டத்தில் கேட்டேன். மழையில் நனைந்து இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதாம், பதியும்போது ஒரு பக்கம் தவறிவிட்டதாம். பிரித்துப் பார்த்து வாசித்தார்கள். ஆறு பெண்களுக்கும் அன்றைக்குப் பேர் இருந்தது.