மினி பஸ்ஸில் முப்பது சீட்டு

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், வெயிலோட வந்து உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். 'புதுச்சேரியில் ஓட்டு விழுவது கட்சிக்கா, ஆளுக்கா?' ஆளுக்குத்தான். தலைப்பு முடிஞ்சுது. இனி விஷயத்துக்கு வரேன்.

எனக்கு முன்னாடி கட்சிக்காக வாதாடின கடலூர் அண்ணன் போற போக்குல ஒண்ணு சொன்னார்: "உங்க சட்டசபையை மொத்தமா ஒரு மினி பஸ்ல ஏத்திடலாம்." கடலூர்க்காரங்க கை தட்டினா நியாயம். பாண்டிக்காரங்களும் சேர்ந்து தட்டினீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்!

சரி அண்ணே, ஏத்துவோம். மொத்தம் 30 சீட்டு. புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேக்கு 1, ஏனாமுக்கு 1. ஒரு சீட்டுல மலையாளம், ஒரு சீட்டுல தெலுங்கு, மிச்சமெல்லாம் நம்ம தமிழ். இதுக்கு மேல மூணு பேர் ஏறலாம்னு 1963-ம் வருஷத்துச் சட்டமே சொல்லுது. மத்திய அரசு நியமிக்கிற நியமன எம்.எல்.ஏ.க்கள். நாமெல்லாம் வரிசையில நின்னு, விரல்ல மை வச்சு, 30 பேரை டிக்கெட் போட்டு ஏத்தறோம். இவங்க மூணு பேர் டெல்லி பாஸ்ல ஏறுவாங்க. பாஸ்தானே, கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஓரமா வருவாங்கன்னு நினைச்சீங்களா? ஓட்டெடுப்பு வந்தா அவங்க கையும் ஒரு கைதான்னு 2018 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

இப்ப 2021 பிப்ரவரிக்கு வாங்க. காங்கிரஸ் முதலமைச்சர் நாராயணசாமி அய்யா வண்டியை ஓட்டிக்கிட்டிருக்கார். ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் ஒருத்தர் 'ராஜினாமா'ன்னு சொல்லி இறங்கறார். அமைச்சர் இறங்கறார். திரும்பிப் பாத்தா இன்னொரு அமைச்சர் சீட்டும் காலி. இறங்கினதுல கூட்டணிக் கட்சிக்காரரும் உண்டு. பிப்ரவரி 22, நம்பிக்கை வாக்கெடுப்பு. எண்ணிப் பாத்தா ஆளுங்கட்சிப் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12, எதிர்ப்பக்கம் 14. அந்த 14-ல மூணு பேர் பாஸ்! டிக்கெட் எடுத்தவங்களை மட்டும் எண்ணினா 12-க்கு 11. அதாவது, இறங்கினவங்க எல்லாம் இறங்கின பிறகும், மக்கள் ஏத்திவிட்டவங்க கணக்குல வண்டி ஓடியிருக்கும். பாஸைச் சேர்த்ததும் நின்னுடுச்சு. டிரைவர் ஓட்டெடுப்பு வரைக்கும் காத்திருக்கல, இறங்கி நேரா துணைநிலை ஆளுநர் மாளிகை ராஜ்நிவாஸுக்கு ராஜினாமா கொடுக்கப் போய்ட்டார். இது என் அணிக்குப் பாயிண்டா, எதிரணிக்குப் பாயிண்டான்னு நடுவர் பாத்துக்கட்டும். எனக்குக் கணக்கு புடிச்சிருந்தது, சொல்லிட்டேன்.

இன்னொண்ணு அண்ணே. மினி பஸ்னு சிரிச்சீங்களே, அ.தி.மு.க. முதன்முதலா ஆட்சின்னு ஏறின வண்டியே இதுதான்! கட்சி ஆரம்பிச்சது 1972 அக்டோபர். கோட்டையில எம்.ஜி.ஆர். முதலமைச்சரா உட்கார்ந்தது 1977 ஜூன். இங்கே பாரதி பூங்கா பக்கத்துச் சட்டசபையில எஸ்.ராமசாமி முதலமைச்சரா உட்கார்ந்தது 1974 மார்ச் 6. மூணு வருஷம் முன்னாடி! எத்தனை நாள்னு கேக்காதீங்க. கேட்டுட்டீங்களா? மார்ச் 28-ல முடிஞ்சுது. முப்பதுல பெரும்பான்மைக்கு 16 வேணும், கையில அது இல்ல. ஆனா உங்க பெரிய பஸ் ஷெட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி எங்க மினி பஸ் ஒரு டிரிப் போய் வந்துடுச்சு. அதே கட்சிக்கு 2021-ல இங்க எத்தனை சீட்டு தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. கட்சிக்குத்தான் ஓட்டுன்னா, அந்த ஓட்டெல்லாம் எங்க போச்சு?

நடுவர் மணியைப் பாக்கறார். தலைப்பையும் தொட்டுடறேன். பரூக் மரைக்காயர் 1967-ல காங்கிரஸ் முதலமைச்சர், 1969-ல தி.மு.க. முதலமைச்சர், 1985-ல மறுபடி காங்கிரஸ் முதலமைச்சர். கொடி மாறிச்சு, ஆள் மாறல. ரங்கசாமி 2011 பிப்ரவரியில என்.ஆர்.காங்கிரஸ்னு தனிக் கட்சி ஆரம்பிச்சார், ஏப்ரல்ல தேர்தல். ஜக் சின்னத்தை ஊர் கண்ணு பழகறதுக்குள்ள, 17 இடத்துல நின்னு 15 இடத்துல ஜெயிச்சார். "அவரே 2021-ல ஏனாம்ல தோத்தாரே"ன்னு அண்ணன் எழுந்து கேப்பார். தோத்தார். யார்கிட்ட? ஒரு சுயேச்சைகிட்ட! அந்தத் தேர்தல்ல தி.மு.க. 6, பா.ஜ.க. 6, சுயேச்சை 6, காங்கிரஸ் 2. கட்சியே இல்லாதவங்க காங்கிரசை மாதிரி மூணு மடங்கு.

ஏன் இப்படி? 2021 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு தொகுதிக்கு சராசரியா இரண்டரை லட்சம் வாக்காளருக்கு மேல. இங்க முப்பதாயிரத்துச் சொச்சம். எம்.எல்.ஏ.வுக்கு எந்தத் தெருவுல எந்த வீட்டுல சாவுன்னு தெரியும். ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் போன் போட்டுட்டு, மாலையோட வந்து நிப்பார். முதியோர் பென்ஷன் ரெண்டு மாசம் வரலன்னா, அந்த ஆயா போய் நிக்கறது அவர் வீட்டுத் திண்ணையில. வரலன்னா திட்டும், வாயார. வேற யாரை அப்படி உரிமையா திட்ட முடியும் அதால?

அண்ணே, 2011 டிசம்பர் 30, தானே புயல். அது எல்லைக்கல்லைப் பாத்து அடிக்கல. உங்க பக்கம் பண்ருட்டியில பலா சாஞ்சுது, முந்திரி சாஞ்சுது. எங்க பக்கம் குப்பத்துல கூரையும் படகும் போச்சு. நாள் கணக்குல கரண்ட் இல்ல. கைக்குழந்தையோட ஈரச்சேலையில நின்ன பொம்பளை, கட்சி ஆபீஸ் எந்தத் தெருவுலன்னு விசாரிச்சா போனா? முகம் தெரிஞ்சவன் வீட்டுக் கதவைத்தான் தட்டினா. உங்க ஊர்லயும் அப்படித்தான்னு உங்களுக்கே தெரியும். மேடையில எதிரணி, அதனால சொல்ல மாட்டீங்க.

மணி அடிச்சாச்சு. கடலூர் அண்ணன் திரும்பிப் போறப்ப கடைசி பஸ்ஸை விட்டுட்டா சொல்லுங்க, எங்க வண்டியில இப்பவும் இடம் இருக்கு. நன்றி, வணக்கம்.