உப்புக் காற்று, உப்புத் தண்ணீர்

கடற்கரையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு உதட்டை நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். அலை உடையும்போது தெறிக்கும் திவலைதான் காற்றில் கலந்து அங்கே வந்து படிகிறது. கடலுக்கும் உடம்புக்கும் உள்ள உறவை இந்த உப்பை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன்.

1750களில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரில் குளிக்கச் சொன்னார். அதோடு விட்டாரா? குடிக்கவும் சொன்னார்! நல்லவேளை, குளிக்கிற பழக்கம்தான் நிலைத்தது.

அதற்காக உப்பை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய். நுரையீரலில் சளி பசைபோல ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு இருமினாலும் லேசில் வராது. ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ளவர்களில் அலைச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு மூச்சு கொஞ்சம் தேவலை என்று மருத்துவர்கள் கவனித்தார்கள். மணிக்கணக்கில் அந்தத் திவலையைத்தானே சுவாசிக்கிறார்கள்! உப்பு நீரை இழுக்கும், சளி இளகும். கடல்நீரைப்போல இருமடங்கு உப்புள்ள நீரை நெபுலைசரில் (திரவத்தை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்க வைக்கும் கருவி) வைத்துச் சோதித்தார்கள். 2006இல் முடிவு வந்தது: நோய் திடீரென முற்றுவது குறைந்திருந்தது. இன்றும் அந்தச் சிகிச்சை உண்டு.

சரி, நோயில்லாதவர்களுக்கு? இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. கரைக்கு அருகே வசிப்பவர்களில் ‘உடம்பு நன்றாக இருக்கிறது’ என்றவர்கள் சற்று அதிகம். வசதி குறைந்த பகுதிகளில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் 2021இல் அதே நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி, கடலோர ஊர்களில்தான் நோய்ச்சுமை அதிகம் என்று அறிக்கை கொடுத்தார். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். முதல் ஆய்வு வயது, வறுமை போன்றவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டது. ஆனால் வாழ்க்கையில் அவற்றை யாரால் கழிக்க முடியும்? சீசன் முடிந்தால் வேலை இல்லை, பழைய விடுதிகளைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து உண்டாக்கிய வீடுகள், போதாத மருத்துவர்கள். காற்று வாங்க வந்துபோகிறவர் கண்ணில் இதெல்லாம் படாது.

வங்கதேசக் கடலோரத்துக்கு வாருங்கள். அங்கே ரஸ்ஸல் யாரும் சொல்லாமலேயே மக்கள் உப்பைக் குடிக்கிறார்கள். நிலத்தடி நீரிலும் குளத்திலும் கடல் ஏறிவிட்டது. டாகோப் பகுதியில் ஆராய்ந்தபோது, குடிநீரில் உப்பு கூடக் கூட, கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தக் கோளாறும் கூடியிருந்தது. மழைநீரைப் பிடித்து வைக்கிறார்கள்தான். கோடையில் அது தீர்ந்துபோனால், மறுபடி அந்தக் குளத்துக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.